காலை லாரிகள் காணாமல் போன எடைமேடை

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில் ஓர் எடைமேடைக்கு நான்தான் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்த காலம். வெறும் வண்டியின் எடையைக் காலையில் பதிந்தால், லோடோடு திரும்பும்போது கழித்துச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. பல வருடம் மக்கர் பண்ணாமல் ஓடியது.

போன வருடம் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். புது விண்டோஸ். பழைய சாஃப்ட்வேரையே ஏற்றிவிட்டு வந்தேன். அதை எழுதப் பயன்பட்ட புரோகிராமிங் கருவியை, விற்ற கம்பெனியே எப்போதோ கைகழுவிவிட்டது. ஓடுகிறதே, போதும் என்றிருந்தேன்.

மூன்றாம் நாள், குரும்பலூரில் இருந்த எனக்கு எடைமேடை முதலாளி போன் போட்டார்.

"தம்பி, காலையில எடை போடுற அந்தம்மா கம்ப்யூட்டர்ல எதையும் ஏத்துறதே இல்ல. மத்தியானம் எம் மச்சான் வந்து ஒக்காந்தா ஒரு வண்டியும் இல்லங்குறாரு. அந்தம்மாவ வேலைய விட்டு நிறுத்திடலாம்னு இருக்கேன். ஒருதரம் வந்து பாத்துடுங்க."

போனேன். முந்திரிக்கொட்டை ஏற்றிய லாரிக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "காலையில போட்ட எடை இல்லையாம், லோட எறக்கிட்டு வெறும் வண்டியா வரணுமாம் சார். வெறும் வண்டியா வர்றதுக்கு நான் வூட்டுக்கே போயிடுவேனே."

எடை போடும் அக்கா கோபமாக இல்லை, குழம்பியிருந்தார். "தம்பி, நான் ஏத்துனது எனக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல. என் கண்ணுக்கு மட்டும் தெரியுற லாரின்னு ஒண்ணு இருக்கா?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சுருக்கென்றது. புதுக் கம்ப்யூட்டரில் இருவருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட் வைத்துக் கொடுத்தவன் நான். என் சாஃப்ட்வேர் தான் இருக்கும் ஃபோல்டரிலேயே பட்டியலை எழுதும். புது விண்டோஸ் அங்கே எழுத விடாது. ஆனால் பழைய காலத்துச் சாஃப்ட்வேர் என்றால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம் 'கண்டிப்பா வந்துடுறோம்ங்க' என்பதுபோல் சரி என்றுவிட்டு, பாஸ்வேர்ட் போட்டு உள்ளே வந்தவர் பெயரில் மறைவாக வேறோர் இடத்தில் எழுதி வைக்கும். அக்காவுக்கு ஒரு பட்டியல், மச்சானுக்கு ஒரு பட்டியல்.

முதலாளியைக் கூப்பிட்டு இரண்டையும் திறந்து காட்டினேன். "தப்பு என்னுதுங்க. சோதிக்காம ஏத்திட்டேன்."

"அப்ப ரெண்டு பேருமே பொய் சொல்லல" என்றார்.

"நான் சொல்லலன்னு நேத்தே சொன்னேங்க" என்றார் அக்கா.

மச்சான் டீ சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போனார். பட்டியல்களை ஒன்றாக்கி, சாஃப்ட்வேரை டி டிரைவுக்கு மாற்றினேன். அங்கே யார் வந்தாலும் ஒரே பட்டியல்தான்; இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. முந்திரி லாரியின் காலை எடை திரையில் வந்தது.

"நாளைக்கு வழக்கம்போல வந்துரும்மா" என்றார் முதலாளி.

"எடை போடுற ரூம் சாவிய நீங்க வாங்கி வெச்சிருக்கீங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அக்கா லாரிக்காரருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அடுத்த வண்டியை மேடைக்கு ஏறச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் சாவியை எடுத்தார்.