வன்சென் கோட்டையில் தற்செயலாக ஒரு பெண் பார்த்தல்

பெண் பார்ப்பதற்கு, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் உதவாது. ரூ பஜோல் பிள்ளையார் கோயிலில் வைத்துப் பார்த்தால், அர்ச்சனைத் தட்டு கைக்கு வருமுன் செய்தி புறநகர் பியர்ஃபித் வரை போய்விடும். சரிவந்தால் பரவாயில்லை. சரிவராவிட்டால், கடையில் முருங்கைக்காய் பொறுக்கும் எல்லாரிடமும் அந்தப் பெண்ணைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும். ஆகவே எங்கள் வீட்டார் தமிழ் முகங்கள் தட்டுப்படாத, ஆனால் மெத்ரோ ரயிலில் போகக்கூடிய ஓர் இடத்தைத் தேடினார்கள். வன்சென் கோட்டை என்று சொன்னது நான்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் கோட்டைகளைப் பற்றிப் படித்திருந்தோம். ஆசிரியை எங்களை வன்சென்னுக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். திரும்பி வந்து சப்பாத்துப் பெட்டி மட்டையில் நானே ஒரு கோட்டை கட்டி, அது குளியலறையில் ஈரம் பட்டுச் சரியும்வரை வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். யாரும் முழுதாகக் கேட்டதில்லை.

பார்க்கப்படவேண்டிய பெண் என் சித்தி, அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டுக் கூடத்தில், இரவில் விரித்துப் பகலில் மடிக்கும் கட்டிலில் என்னோடு படுப்பவர். நகைக்கடையில் வேலை செய்துகொண்டே பிரெஞ்சு படித்து, மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சிக்கு அப்போதுதான் இடம் எடுத்திருந்தார். மாப்பிள்ளை லண்டனில். போனால் பயிற்சியும் போகும், பாடுபட்டுப் படித்த பாஷையும் போகும். இன்னொரு நாட்டில் அரிவரியிலிருந்து தொடங்கவேண்டும். தனக்கு விருப்பமில்லை என்று சித்தி அம்மாவிடம் பல தடவை சொன்னார். எங்கள் வீட்டில் பெண்பிள்ளை விருப்பமில்லை என்று சொல்வது ஒரு பதிலே அல்ல. அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்தார்.

ஏற்பாடு இதுதான். மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் பாரிஸ் பார்க்க வந்தவர்கள். ஞாயிறு பின்னேரம் கோட்டை பார்க்க வருவார்கள். நாங்களும் கோட்டை பார்க்கப் போவோம். தற்செயலாகச் சந்திப்போம். பேச்சு மூச்சு இல்லாமல் பெண்ணைப் பார்த்துவிட்டு அவர்கள் இரவு பஸ்ஸில் லண்டன் திரும்பிவிடுவார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: நாலரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிடவேண்டும்.

இந்தத் தற்செயலுக்காக அம்மா காலையிலிருந்து உளுந்து வடை சுட்டார். பெரிய பிளாஸ்கில் தேத்தண்ணி. சித்திக்கு மாம்பழ நிறப் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. கோட்டை பார்க்கப் போகும் குடும்பம் என்று எங்களைப் பார்த்து யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மெத்ரோவில் ஒரு கிழவி யாருக்குக் கலியாணம் என்றே கேட்டுவிட்டாள்.

நாங்கள் நேரத்தோடு போய்விட்டோம். முற்றத்தில் நின்றபடி சித்தி அந்த உயர்ந்த கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "அக்கா, அவை வருமட்டும் நான் பிள்ளையோடை ஒருக்கா உள்ளை போட்டு வாறன். இவள் எத்தினை நாளாச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்," என்றார். எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை.

அது சும்மா கோபுரம் அல்ல. கோட்டைக்குள்ளே ஒரு கோட்டை. தனக்கென்று தனி மதில், தனி அகழி, தனிப் பாலம். பாலத்தைக் கடக்கும்போதே நான் தொடங்கிவிட்டேன். பாரிஸ் சனங்கள் ஒருமுறை அரண்மனைக்குள் புகுந்து, இளவரசனின் கண்முன்னாலேயே அவனுடைய ஆட்களைக் கொன்றார்கள். அவன் அரசனானதும் ஊருக்கு வெளியே இந்தக் கோபுரத்தைக் கட்டிமுடித்து, இதற்குள்ளே வந்து இருந்தான்.

"பாவம், பயந்து போனான்," என்றார் சித்தி.

ஒரு மாடிக்கு ஒரே ஒரு பெரிய சதுர அறை. நடுவில் ஒற்றைத் தூண். அந்தத் தூணிலிருந்து கல் வளைவுகள் விரிந்துபோய்க் கூரையைத் தாங்கிநிற்கும். நாலு மூலைகளிலும் வட்டமான சிறு கோபுரங்கள். அவற்றுக்குள் குட்டி அறைகள். அரசன் படிக்க, கும்பிட, பொக்கிஷம் பூட்டிவைக்க, ஏன், மலசலம் கழிக்கக்கூட அந்தச் சுவருக்குள்ளேயே இடம் இருந்தது. இது எல்லாம் ஒராளுக்கோ என்று சித்தி கேட்டார். ஓம் என்றேன். ஒரு குட்டி அறையின் வாசலில் நின்று அதன் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்குப் போக, சுவரின் தடிப்புக்குள்ளேயே சில அடி நடக்கவேண்டும். அங்கிருந்து பார்த்தபோது முற்றத்தில் அப்பாவும் அம்மாவும் மூன்று பேரோடு நிற்பது தெரிந்தது. அப்பா கோபுரத்தைக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் கோட்டையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

"சித்தி, அவை வந்திட்டினம்!"

"வரட்டும். எதிரி வெளி மதிலைத் தாண்டி வந்திட்டால் என்ன செய்யிறது, அதைச் சொல்லு."

"எல்லாரும் இதுக்குள்ளை வந்து பாலத்தைத் தூக்கிப்போடுவினம்."

"பிறகு சண்டையோ?"

"இல்லை சித்தி. சண்டை பிடிக்கத் தேவையில்லை. கீழை கிணறு இருக்கு, சாப்பாடு இருக்கு. உள்ளுக்கை சும்மா இருந்தாக் காணும். வெளியிலை நிக்கிறவைதான் களைச்சுப்போய்த் திரும்பிப் போவினம்."

சித்தி என்னைப் பார்த்தார். "இன்னொருக்காச் சொல்லு," என்றார்.

சொன்னேன். பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். கிணறு எங்கே? பின்னாளில் இது சிறையானபோது கைதிகள் சுவரில் கீறியவை எங்கே? கல்லுக்குள் இரும்பு வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்கிறாயே, ஏன்? ஒவ்வொன்றையும் காட்டினேன். பார்த்த அறைக்கே திரும்பப் போய் இன்னொரு முறை பார்த்தோம். அத்தனை தடிப்பான சுவருக்குள் அலை வராததால் சித்தியின் கைத்தொலைபேசி ஒருதரம்கூட அடிக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பெரிய ஆள் நான் சொல்வதை முழுதாகக் கேட்டது அன்றுதான். பெருமை தாங்கமுடியவில்லை.

மறுபடி ஜன்னலால் பார்த்தபோது அம்மா அப்பாவின் காதில் ஏதோ சொல்வது தெரிந்தது. பாவம் அம்மா! கோபுரத்தடிக்கு வந்து கூப்பாடு போட்டால் தற்செயல் என்ற கதை நாறிவிடும். வந்தவர்களை விட்டுவிட்டு நகரவும் முடியாது. அப்பா மட்டும் பாலம் வரை நடந்து வந்தார். அங்கே நின்று மேலே பார்த்தார். கையசைத்தேன், சித்தி அசைக்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப்போனார்.

நாங்கள் இறங்கி வந்தபோது ராகுகாலம் நன்றாக ஏறிவிட்டிருந்தது. மாம்பழ நிறச் சேலை பாலத்தைக் கடப்பதைக் கண்டதும் மாப்பிள்ளையின் தாய் சட்டென்று மறுபக்கம் திரும்பி, புல் முளைத்துக் கிடந்த அகழியை ஊன்றிப் பார்க்கத் தொடங்கினார். சித்தி வணக்கம் சொன்னபோதும் அகழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பாவம், யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார்கள். ஏற்கெனவே பத்துக்கு எட்டுப் பொருந்தியிருந்த சாதகம், அவர்கள் லண்டன் போய்ச் சேர்ந்ததும் பொருந்தாமல் போனது. சித்தி பயிற்சியை முடித்தார். இன்றைக்கும் பாரிஸில் ஒரு மருத்துவமனையில்தான் வேலை செய்கிறார்; எனக்குப் பிள்ளை பிறந்தபோது பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தவர் அவர்.

அன்று திரும்பி வரும்போது மெத்ரோவில் அம்மா பொரிந்து தள்ளினார். சித்தி பசியோடு வடை தின்றுகொண்டிருந்தார். "பிள்ளை ஆசையாச் சொல்லிக்கொண்டிருந்தது அக்கா. இடையிலை நிப்பாட்ட மனம் வரேல்லை," என்றார். உடனே பழி என் வாயின் மேல் விழுந்தது. வாய்க்காரி, அலட்டல்காரி என்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் உறைக்கவில்லை. சித்தி உண்மையிலேயே ஆசைப்பட்டுக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "நீங்களெண்டாலும் ஒருக்கா மேலை ஏறிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே? உங்களை அனுப்பினனான்தானே?"

"போனனான். நாலு மணியோடை ஆக்களை உள்ளை விடுறேல்லையாம். வாசல் பலகையிலை எழுதிக் கிடக்கு," என்றார் அப்பா.

அது பிழை. நாங்கள் வெளியே வரும்போதும் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்து மெதுவாக அழுத்தினார். சித்தி வடையை அப்படியே வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். சித்தியின் கண் கலங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், வாசலில் இவ்வளவு பெரிதாக எழுதியிருப்பதை அப்பாவுக்குச் சரியாக வாசிக்கத் தெரியவில்லையே, அதற்காகத்தான் சித்தியும் அழுகிறார் என்று நினைத்து, லா சப்பல் வரும்வரை அப்பாவுக்காக மிகவும் வருந்தினேன்.