மூச்சு டீச்சர்

“மூச்ச விடுங்க. யாரு பிடிச்சு வைக்கச் சொன்னது?” என்று சொல்லிக்கொண்டே பாய்களுக்கு நடுவில் நடக்கிறார் டீச்சர். கீழே ஒரு வரிசை மனிதர்கள் மல்லாந்து படுத்து, மடக்கிய கால்களை அந்தரத்தில் நிறுத்தி, கன்னத்தை உப்பிக்கொண்டு கிடக்கிறார்கள்.

நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த கூடத்தில் பிலாட்டீஸ் வகுப்பு. வயிறு, இடுப்பு, முதுகின் உள்தசைகளை மூச்சோடு சேர்த்து வலுப்படுத்துகிற பயிற்சி என்று சொல்லிச் சொல்லி டீச்சருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வருகிறவர்கள் கேட்பது, கொழுந்தியா கல்யாணத்துக்குள் தொப்பை போய்விடுமா என்றுதான். வங்கி அதிகாரி ஒருவர் படுத்ததும் குறட்டை விடுவார். தட்டி எழுப்பினால், “உடம்பத் தளர்த்தச் சொன்னீங்களே” என்பார்.

வெளியில் போனாலும் நிம்மதி கிடையாது. பஸ்ஸில் யாராவது கூனி உட்கார்ந்திருந்தால் டீச்சருக்குக் கை துறுதுறுக்கும். சம்பந்தி அம்மாளிடமே “நேரா உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஆனால் டீச்சரின் உயிரை எடுத்தது சொந்த அண்ணன்தான். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். ஒருநாள் முதுகு பிடித்து வண்டியிலிருந்து இறங்க முடியாமல் போக, ஆட்கள் தூக்கித்தான் இறக்கினார்கள். உடம்பு தேறட்டும் என்று முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். பயிற்சி செய்யாமல் தீராது என்று மருத்துவர் கறாராகச் சொன்ன பிறகே அண்ணன் மாடியேறினார். அதுவும் மற்றவர்கள் போனதும், கதவைச் சாத்தச் சொல்லி.

“மூட்டை தூக்கின உடம்பு இது. என்னப் போயி படுத்து மூச்சு விடச் சொல்ற.”

“மூட்டை தூக்கினதாலதாண்ணா இங்க வந்து படுத்திருக்க.”

இடுப்பைத் தூக்கச் சொன்னால் புருவத்தைத் தூக்குவார். பாதியில் போன் பேசுவார். முடிந்ததும் எழ முடியாமல் கையை நீட்டுவார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிடுவார். ஒரு சாயங்காலம் பொறுமை போய், நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்று கத்திவிட்டார்.

அண்ணன் எழவில்லை. கூரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: “வண்டி இல்லாட்டி நான் யாருன்னே எனக்குத் தெரியலம்மா.”

மறுநாளும் வந்தார். வாய் குறைந்தது. டீச்சரின் அதட்டல் மட்டும் குறையவேயில்லை.

அப்படியே மாதங்கள் ஓடின. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் டீச்சர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அண்ணன் அதைப் பிடிக்கவில்லை. பக்கவாட்டில் புரண்டு, முழங்காலை ஊன்றி, மூச்சை நிதானமாக விட்டபடி எழுந்து நின்றார். முதலாளியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார்.

“கழுத்து முன்னால போகுது பாரு” என்றார் டீச்சர்.

படிகளில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அவரவர் பாயை அவரவரே சுருட்ட வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் சட்டம். டீச்சர் மண்டியிட்டு, அண்ணனின் பாயைச் சுருட்டத் தொடங்கினார்.