நபீஸாவின் நெஞ்சுக்கு நான் சொன்ன பதில்கள்

காத்தான்குடியில் பதினொரு தறி வைத்துச் சாரன் நெய்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, மற்றதெல்லாம் நானாகப் படித்தது. கொழும்பு வியாபாரிகள் என் பேரைச் சொல்லி, மர்சூக் ஹாஜியாரின் கரை என்று கேட்டு வாங்கிப் போனார்கள். நூலைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு, நாற்பத்தொன்பது வருஷம் கூட இருந்த மனுஷியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. போன மாசி மாதம் அது வெளிச்சத்துக்கு வந்தது. அந்த அதிர்ச்சி இன்னும் விடவில்லை. அதனால்தான் அவவைப் பற்றி எழுதுகிறேன்.

என் மனைவி பெயர் சித்தி நபீஸா. பத்தொன்பது வயதில் என்னைக் கட்டினா. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை நான்தான் அவ வீட்டுக்குக் குடிபோனேன். அந்த ஓட்டு வீட்டை மாடிவீடு ஆக்கியது நான், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். முதல் தறி வந்த நாளிலிருந்து நபீஸா ராட்டையில் நூல் சுற்றினா. மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் சுற்றினா. பஞ்சுத் தூசியில் மூச்சிழுக்கிற முட்டு வருத்தம் பிடித்தது. பிறகு சீனி வருத்தம், பிறகு பிரசர். எது வந்தாலும் இரண்டு குளிசையை விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவா. முறைப்பாடு சொல்லத் தெரியாத பெண் என்று நானும் ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

கிளினிக் டொக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டார். படியேறினால் இளைக்கிறது, இது முட்டு மட்டும் இல்லாமலும் இருக்கலாம், ஓடுகிற பட்டியில் நடக்கவிட்டு நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார். மட்டக்களப்பு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்து, தமிழில் அச்சடித்த ஒரு தாளையும் தந்தார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டும், முதல் நாளிலிருந்து தேத்தண்ணி கோப்பி கூடாது என்று தந்தவர் வாயாலும் சொன்னார். எனக்கு அது போதும். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

குறித்த நாள் திங்கட்கிழமை. வெறும் வயிறுதானே, அதை நோன்பாகவே பிடித்தால் திங்கள் சுன்னத்து நோன்பின் நன்மையும் கிடைக்கும், பரிசோதனையும் முடியும் என்று எனக்கு ஒரு யோசனை. நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நபீஸாவை நோன்புக்கு நிய்யத்து வைக்கச் சொன்னேன். சீனிக் குளிசையை என்ன செய்வது என்று கேட்டா. நோன்பு மாதத்தில் போடுகிற மாதிரி விடியுமுன் சஹருக்குப் போடு என்றேன். நோன்பு மாதத்தில் அவ சஹருக்கு வயிறார சோறு தின்பா என்பது என் நினைவில் வரவில்லை. அன்றைக்கு வயிறு காலியாக இருக்கட்டும் என்று ஒரு பேரீச்சம்பழமும் தண்ணியும்தான். அதற்கு மேல் முழுக் குளிசை.

பத்தரைக்குப் பரிசோதனை. ஓட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறும்போதே நபீஸாவின் நெற்றி வியர்த்திருந்தது. வாவிக் காற்று சில்லென்று அடிக்கிறது, இவ வியர்க்கிறா. பயம் என்று நினைத்தேன். பயப்படாதே, நான் கூட இருக்கிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரியில் தனுஷா என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி கேள்வி கேட்டு எழுதினா. எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன். நெஞ்சு நோவு? இல்லை. நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பா? கடற்கரை வரைக்கும். என்னென்ன குளிசை? வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. மிஸ்ஸி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"ஐயா, நெஞ்சு உங்கடயா அம்மாடயா?"

பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மிஸ்ஸி அதற்குள் நபீஸாவின் பக்கம் திரும்பிப் பெயரைக் கேட்டுவிட்டா. நபீஸா சொல்லத் தொடங்கினா, நாக்குப் புரளவில்லை. கை வெடவெடவென்று நடுங்கியது. மிஸ்ஸி விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தா. கருவியில் சீனி நாற்பத்தாறு என்று விழுந்தது, எழுபதுக்குக் குறையக் கூடாதாம். குளுக்கோஸ் கரைத்து வாயருகே கொண்டுவந்தால், நபீஸா உதட்டை இறுக்கிக்கொண்டா.

நோன்பு என்று நான்தான் சொன்னேன்.

"குடி நபீஸா. வருத்தக்காரர் நோன்பை விடலாம், பிறகு பிடிக்கலாம்" என்றேன்.

அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. "நீங்கதானே நிய்யத்து வெக்கச் சென்னீங்க."

குடித்தா. பாதி கழுத்தில் வழிந்தது. கால் மணித்தியாலம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓதத் தொடங்கிய குர்ஆன் ஸூறா நடுவில் அறுந்து அறுந்து போனது.

தெளிவு வந்த பிறகு டொக்டர் வந்தார். சத்தம் போடவில்லை. இந்த நிலையில் பட்டியில் ஏற்றியிருந்தால் விழுந்திருப்பா என்று மட்டும் சொன்னார். தாளை எடுத்து விரித்தேன். சீனிக் குளிசை, பிரசர்க் குளிசை போடுகிறவர்கள் முன்கூட்டியே எங்களிடம் கேட்கவும், முட்டு உள்ளவர்கள் மருந்து இழுக்கிற பம்மைக் கொண்டுவரவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும். வாசிக்கவில்லை.

மிஸ்ஸி அதே கேள்விகளை மறுபடி கேட்டா, இந்த முறை நபீஸாவிடம். நெஞ்சு நோகுமா என்றதற்கு, "ரெண்டு வருசமா" என்றா. படியில் பாதியில் நின்று முந்தானையைச் சரிசெய்வது அதற்குத்தானாம். அந்த நேரமெல்லாம் சோம்பல் என்று கீழே நின்று ஏசியவன் நான். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சென்னா நீங்க ஒரு முடிவெடுத்துருவீங்க."

பத்து நாள் கழித்து மறுபடி நாள் தந்தார்கள். இந்த முறை நபீஸாவே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, எந்தக் குளிசையை நிறுத்துவது, எதைப் போடுவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று கேட்டா. பட்டியில் நடக்க மகள் அகீலாவின் சப்பாத்தைப் போட்டுப் பார்த்து அளவு சரியென்றா. அறை வாசலில் என்னை நிற்கவைத்துவிட்டு உள்ளே போனா.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, பட்டிச் சத்தம் நின்றுவிட்டது. கதவு திறந்து தனுஷா மிஸ்ஸி தலையை நீட்டி, அம்மா நல்லா இருக்கிறா, நெஞ்சுத் துடிப்புக் கோட்டில் மாற்றம் கண்டதால் நிறுத்தினோம் என்றா. கொஞ்ச நேரத்தில் நபீஸா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"நெஞ்சு இரத்தக் குழாயில அடைப்பிருக்கலாமாம். கை வழியா மெல்லிய குழாய் விட்டுப் பாக்கணுமாம். வாற புதன்கிழம. நான் ஓம் எண்டுட்டன்."

இந்த வீட்டில் என்னைக் கேளாமல் எடுக்கப்பட்ட முதல் முடிவு அது. நான் என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் கேட்டேன்.

"வீட்ட போய்ச் செல்றன்" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் மெதுவாக நடந்தா. வழியில் ஒரு தடவை நின்றா. நானும் நின்றேன்.