காத்துக்காரியின் அண்ணன்

ஆஸ்பத்திரியில் அவளைக் காத்துக்காரி என்பார்கள். பேய் ஓட்டுகிறவளோ என்று புது ஆட்கள் நினைத்துக்கொள்வதும் உண்டு. அவள் வேலை அதைவிட அலுப்பானது. வார்டு வார்டாகப் போய், காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது, அதில் கிருமி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. சரியில்லை என்று சொன்னால் எல்லார் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

காசநோயாளிகளின் தனியறைக் கதவடியில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடிப்பாள். அது உள்பக்கம் சாய வேண்டும். சாய்ந்தால், நோயாளி இருமிய காற்று நடைக்கு வராமல் சுவரிலிருக்கும் விசிறி வழியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். கடைசி அறையில் இருந்தது அவளுடைய சொந்த அண்ணன். மருந்துக்கு மசியாத காசம். அவனைச் சேர்த்த நாள் முதல் அந்த வாசலிலும் குனிந்து பார்த்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினாள். சாயங்காலம் உள்ளே போய் உட்காரலாம் என்று நினைப்பாள். சாயங்காலம் வந்தால் வீடு போய்ச் சேரவே கால் வராது.

அன்று காகிதம் வெளியே ஆடியது.

மறுபடி பிடித்தாள். மறுபடியும் வெளியேதான். எதிர் வார்டில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள். சளி பிடித்தாலே தாங்காத பிள்ளைகள். முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். விசிறிக்கு முன்னால் காற்றை இழுக்கும் சல்லடையில் யாரோ ஒரு போர்வையை அடைத்திருந்தார்கள். பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி மறைக்கவில்லை. அந்த விசிறி இரைச்சலில் மனுஷன் கண் மூடி எத்தனை நாளாச்சு, இப்போதுதான் தூங்குகிறார், கதவைத்தான் சாத்தியிருக்கிறேனே என்றாள். கதவைச் சாத்தினால் போதும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“எடுக்கணும் அண்ணி.”

“இன்னிக்கு ஒரு நாள் விடேன். தூங்கட்டும்.”

அண்ணன் லேசாக வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். இவ்வளவு மெலிந்துபோயிருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. எதிர் வார்டு டாக்டருக்குப் போனில் விஷயத்தைச் சொன்னாள். பிறகு ஸ்டூலில் ஏறிப் போர்வையை உருவினாள். விசிறி சும்மா இருக்குமா, அறையே அதிர இரைந்தது.

அண்ணன் திடுக்கிட்டு விழித்தான். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஆள் யாரென்று புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வா வா. என்னைப் பாக்கவா வந்தே?”

போர்வை அவள் கையில்தான் இருந்தது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஆமாண்ணா,” என்று சொல்லி, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள்.