நாவல் கொட்டையும் நானும் ஒரு வீடியோவும்

1. டார்கெட் என்றால் என்ன

முதல் கூட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் ‘டார்கெட்’ பற்றி வெகுநேரம் பேசினோம். எல்லாரும் தலையாட்டினோம். தேநீர் வந்தபோதுதான் ஆளுக்கொரு விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது.

எனக்கு டார்கெட் என்றால் ஒரு புரோட்டீன். மருந்து போய் எதைப் பிடிக்கிறதோ அது. கவிதாவுக்கு டார்கெட் என்றால் முகநூலில் மூட்டுவலி, சர்க்கரை என்று தேடுகிற நடுத்தர வயதுப் பெண்கள். கவிதா எங்கள் கல்லூரியில் மார்க்கெட்டிங் விரிவுரையாளர். மருந்து விளம்பரங்கள் சமூக ஊடகத்தில் எப்படிப் பரவுகின்றன என்பது அவர் ஆராய்ச்சி. மூன்றாவது ஆள் சரோஜா. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் சித்த மருந்துக் கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையிலிருந்தே லைவ் போட்டுப் பொடியும் தைலமும் விற்கிறார்.

“எனக்கு டார்கெட்டுன்னா தீபாவளிக்குள்ள சரக்கு தீரணும், அவ்ளோதான் லா,” என்றார் சரோஜா.

நான் ஈப்போவில் இந்தக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் புரோட்டீன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் பல வருடம் கையுறைத் தொழிற்சாலை லேபில் இருந்தேன். ரப்பர் பாலில் இருக்கும் எந்தப் புரோட்டீன் மருத்துவமனைத் தாதிமார் கையில் அரிப்பைக் கிளப்புகிறது என்று தேடும் வேலை. சுங்காய் பக்கம் ரப்பர் மரம் நின்ற கித்தா தோட்டத்தில் பிறந்தவன், படித்து முடித்தும் அதே பாலைத்தான் நோண்டுகிறான் என்று என் தங்கை கேலி செய்வாள்.

மூன்று துறையும் சேர்ந்தால்தான் நிதி என்று மேலிடம் சொன்னதால்தான் நாங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். ஒரு நாட்டுமருந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது லேபில் என்ன செய்கிறது என்று நான் பார்ப்பேன். வெளியே அதைப் பற்றி என்ன பேச்சு ஓடுகிறது என்று கவிதா பார்ப்பார். சரோஜா தன் கடையில் அதிகம் போகும் நாவல் கொட்டைப் பொடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“இது சக்கரைக்கு. எங்கப்பா காலத்துலருந்து குடுக்கிறோம். நல்லாப் பாருங்க டேனியல் அண்ணே, நான் பயப்படல.”

2. மஞ்சள் வராத பிளேட்

சோதனை சிக்கலானதல்ல. நாம் சாப்பிடும் மாவுச்சத்தைக் கடைசியில் சர்க்கரையாக உடைக்கும் ஓர் என்சைம் நம் குடலில் இருக்கிறது. என்சைமும் ஒரு புரோட்டீன்தான். அதைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் பிளேட்டில் விட்டு, அது உடைப்பதற்கு ஒரு பொருளையும் விட்டால், உடையும்போது மஞ்சள் நிறம் வரும். பொடியின் சாற்றைச் சேர்த்த பிறகு மஞ்சள் வராவிட்டால் என்சைம் முடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மஞ்சள் வரவில்லை. சாற்றைத் தண்ணீரில் கரைத்துக் கரைத்து நீர்த்துப்போக வைத்தும் வரவில்லை. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு பிளேட்டை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

சரோஜா அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு லேபுக்கு வந்துவிட்டார். தன் ஆய்வுக்காகக் கவிதா எங்கள் வேலையை அவ்வப்போது படம்பிடிப்பார், அன்றும் பிடித்தார். கேமராவைப் பார்த்து நான் சொன்னது இது: “நாவல் கொட்டை இந்த என்சைமை நல்லா நிறுத்துது. ஆனா இது வெறும் பிளேட்ல செஞ்ச முதல் சோதனை. மனுஷன் உடம்புல என்ன பண்ணும்னு தெரியாது. யாரும் மாத்திரையை நிறுத்தக்கூடாது.”

சரோஜா அதை முழுசாகத் தன் முகநூல் பக்கத்தில் போட்டார். ஒரு வார்த்தையையும் வெட்டவில்லை. யாரோ ஒருவர், இன்றுவரை யாரென்று தெரியாது, அதை இறக்கி, என் முதல் வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் நாதஸ்வரம் சேர்த்து, ‘மலேசிய விஞ்ஞானி நிரூபித்தார்’ என்று மேலே எழுதிச் சுற்றுக்கு விட்டார்.

அது ஊரெல்லாம் ஓடியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கையே எனக்கு அனுப்பினாள். ‘அண்ணே, இந்த ஆளு அச்சு அசலா உங்க மாதிரியே இருக்காரு, பாருங்க’ என்று கீழே எழுதியிருந்தாள்.

3. கேன்டீன் தேநீர்

சரோஜாவின் கடையில் பொடி நிற்கவில்லை. வெட்டிய வீடியோவை எடுக்கச் சொல்லிக் கவிதா பல பேருக்கு எழுதினார். ஒன்றை எடுத்தால் வேறு நாலு முளைத்தது. “அண்ணே, என் கிராஃப் சுவத்துல ஏறுற பல்லி மாதிரி நேரா மேல போவுது,” என்றார். ஆராய்ச்சியாளராக அவருக்கு அது நல்ல தரவு. மனுஷியாக அவர் முகம் சரியாக இல்லை.

நான் அடுத்த சோதனைகளைச் செய்துகொண்டிருந்தேன். ஒரு சாறு ஓர் என்சைமை நிறுத்தினால், சம்பந்தமே இல்லாத வேறு என்சைம்களையும் நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். வைத்த எல்லாவற்றையும் நிறுத்தியது. சந்தேகம் வந்து, கேன்டீனிலிருந்து பால் போடாத கெட்டித் தேநீர் வாங்கிவந்து அதையும் பிளேட்டில் விட்டேன். தேநீரும் அப்படியே நிறுத்தியது.

விஷயம் புரிந்துவிட்டது. நாவல் கொட்டையில் டானின் நிறைய உண்டு. தேநீரிலும் உண்டு. அது எதிரே வரும் எந்தப் புரோட்டீனையும் கட்டிப் பிடித்து உருண்டையாக்கிவிடும். ஒரு குறிப்பிட்ட பூட்டுக்குப் பொருந்திய சாவி அல்ல அது, எல்லாப் பூட்டிலும் ஒழுகிய கோந்து. டானினை மட்டும் உறிஞ்சி எடுக்கும் ஒரு வெள்ளைப் பொடி லேபில் இருக்கிறது. அதைப் போட்டு வடிகட்டிய சாற்றை மறுபடி பிளேட்டில் விட்டேன். குழிகள் எல்லாம் அழகாக மஞ்சளாயின.

நாவல் கொட்டை சர்க்கரைக்கு உதவாது என்று இதற்கு அர்த்தமில்லை. உதவுமா உதவாதா என்று எங்கள் பிளேட்டால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஆனால் ஊர் அதற்குள் பதிலை முடிவு செய்துவிட்டது.

4. பீடோரிலிருந்து வந்த அழைப்பு

மறுநாள் காலை கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பை என் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அழைத்தவர் என் வெள்ளைக் கோட்டில் இருந்த கல்லூரிப் பெயரை வீடியோவில் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறார்.

“ஐயா, வீடியோல வந்த டாக்டருங்களா? நான் பீடோர்லருந்து முனியாண்டி பேசறேன். செம்பனைப் பழம் ஏத்தற லோரி ஓட்டறேன்.”

“டாக்டர் இல்லைங்க. லேப்ல வேலை பாக்கிறேன். சொல்லுங்க.”

“பொடியை எத்தனை கரண்டி போடணும்னு கேக்கலாம்னுதான். மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன். ஆனா வாய் காயுது, ஒன்னுக்கு அடிக்கடி போவுது. லோரி ஓட்டறப்போ கண்ணு வேற மங்குது. கொஞ்சம் கூட்டிப் போடலாங்களா?”

அத்தனை மரியாதையாக, அத்தனை நம்பிக்கையாகக் கேட்டார்.

“இன்னைக்கு லோரி எடுக்காதீங்க,” என்றேன். “வீட்டுல யாரு இருக்கா? உடனே கிளினிக் போங்க. நானும் வாரேன்.”

அவர் மனைவி ஃபோனை வாங்கினார். “நான் சொன்னப்ப கேக்கல. நீங்க சொன்னா கேப்பாரு. வாங்க,” என்றார்.

குனோங் ராபாட்டில் நிறுத்திச் சரோஜாவை ஏற்றிக்கொண்டேன். தேநீர் சோதனையைப் பற்றி வழியில் சொன்னேன். தேநீரா என்று சரோஜா இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு கேட்டார்.

“எம் பொடி பொய்யின்னு சொல்றீங்களா?”

“பொடி பொய்யில்லம்மா. பொடியைப் பத்தின பேச்சு நம்மள விட்டு ஓடிடுச்சு.”

“நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லண்ணே.”

“தெரியும். நானுந்தான் சொல்லல. அவரு நிறுத்திட்டாரே.”

கொஞ்ச நேரம் கழித்து, டானின் நாக்கில் பட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். எச்சிலில் இருக்கும் புரோட்டீனைப் பிடித்துக்கொள்ளும், நாக்கு வறண்டு இழுக்கும் என்றேன்.

“அதான் துவர்ப்பு,” என்றார் சரோஜா. “எங்கப்பா மொதல் பாடமே அறுசுவைதான். துவர்ப்பு பிடிக்கும், சுருக்கும்பாரு. நீங்க பிளேட்ல பாத்தது துவர்ப்பை. சக்கரையை இல்ல.”

நான் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். எனக்கு மனசு லேசானது.

கிளினிக்கில் முனியாண்டியின் சர்க்கரை அளவைப் பார்த்ததும் தாதி அவரையும் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தண்ணீர் ஏற்றி, மருந்தைத் திரும்பத் தொடங்கினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வேறு கதை என்று டாக்டர் சொன்னார். முனியாண்டி கட்டிலில் படுத்தபடி சரோஜாவைப் பார்த்து, “நீங்கதான் லைவ் அக்காவா? நேர்ல இன்னும் உயரமா இருக்கீங்க,” என்றார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். மற்ற மூவரும் சிரித்துவிட்டோம்.

5. மூன்று கண்ணாடிக் குவளை

திரும்பி வந்ததும் சரோஜா ஒரே முடிவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை லைவில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் அதற்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கவிதா அதைப் படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தார்.

“அண்ணே, இதை நாம மூணு பேருந்தான் பாப்போம். ‘அது தப்பு’ன்னு சொன்னா ஜனங்க தள்ளிட்டுப் போயிடுவாங்க. ஒன்னு நடக்கப்போவுதுன்னா நிப்பாங்க. கண்ணு முன்னால எதையாவது செஞ்சு காட்டுங்க.”

அப்படித்தான் முட்டை வந்தது. முட்டை வெள்ளைக்கரு முழுக்கப் புரோட்டீன். அதை உப்புத் தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை மூன்று கண்ணாடிக் குவளையில் ஊற்றினோம். சரோஜா கடையின் கல்லா மேசைதான் எங்கள் லேப். முதல் குவளையில் நாவல் கொட்டைப் பொடியை ஊறவைத்து வடித்த சாறு. இரண்டாவதில் கெட்டித் தேநீர். மூன்றாவதில் வெறும் தண்ணீர்.

“பாத்துக்கிட்டே இருங்க,” என்றார் சரோஜா கேமராவிடம். முதல் குவளை கலங்கியது. இரண்டாவதும் கலங்கியது. மூன்றாவது அப்படியே நின்றது.

“டேனியல் அண்ணன் லேப்ல பாத்தது இதுதான். எம் பொடி என்ன செஞ்சுச்சோ அதையேதான் டீயும் செய்யுது. இது துவர்ப்போட வேலை. சக்கரை வியாதிக்கு ஆதாரம் இல்ல. மாத்திரை எடுக்கிறவங்க மாத்திரையை விடாதீங்க. விட்டவங்க இந்த லைவை மூடிட்டு இப்பவே கிளினிக் போங்க. பொடி எங்கயும் ஓடாது.”

கீழே கேள்விகள் ஓடின. ஒருவர், அப்படியென்றால் சர்க்கரைக்குத் தேநீர் குடிக்கலாமா என்று கேட்டார். சரோஜா கண்ணை மூடித் திறந்தார். “ஐயா, மொதல்லருந்து வரோம் வாங்க,” என்று புதுசாக இன்னொரு முட்டையை உடைத்தார்.

அதற்குள் கடை வாசலில் முனியாண்டி வந்து நின்றார். வீடு திரும்பியிருந்த அவர், சரோஜாவுக்கு நன்றி சொல்ல மனைவியோடு ஈப்போ வந்திருக்கிறார். லைவ் ஓடுவது தெரிந்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“நான் மாத்திரையை நிறுத்தினேன்,” என்றார். “கண்ணு மங்கிச்சு. பொண்டாட்டி பேச்சை நிறுத்திட்டா. கண்ணு திரும்பி வந்திடுச்சு. பேச்சுதான் இன்னும் முழுசா வரல.”

பின்னால் நின்ற அவர் மனைவி, “இப்ப வருது, வீட்டுக்கு வாங்க,” என்றார்.

அந்தத் துண்டையும் யாரோ வெட்டிச் சுற்றுக்கு விட்டார்கள். முனியாண்டி வாயைத் திறந்தாலே ‘மாத்திரையை நிறுத்தினேன்’ என்று ஆரம்பித்து அதே மூச்சில் கண் மங்கியதற்குப் போய்விடுகிறார், எங்கே வெட்டினாலும் அதுவும் கூடவே வந்துவிடும். முதல் வீடியோ போன தூரம் முழுவதும் இது போகவில்லை. ஆனால் நிறையத் தூரம் போனது. எது போகும், எது நிற்கும் என்று கவிதா அதை வைத்தே தன் பகுதியை எழுதினார். என் பகுதி, மஞ்சள் ஏன் வரவில்லை, பிறகு ஏன் வந்தது என்பது. துவர்ப்பைப் பற்றிச் சரோஜா ஒரு பகுதி எழுதிக் கொடுத்தார். எங்கள் மூவர் பெயரும் போட்டு அந்தக் கட்டுரை வெளிவந்தது.

பொடி விற்பனை இறங்கியது. கடை இறங்கவில்லை. வருகிறவர்களிடம் சரோஜா முதலில் “என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தெரியாது என்றால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார். பலர் திரும்பியும் வருகிறார்கள்.

லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நல்ல முடிவு வந்தால் கொண்டாடுங்கள், தவறில்லை. ஆனால் வெளியே பேசும்போது தெரியாததை முதலில் சொல்லுங்கள், தெரிந்ததை அதற்குப் பின்னால் வையுங்கள். கேட்பவர் பாதியில் எழுந்து போனாலும் கையில் ஆபத்தில்லாத பாதிதான் இருக்க வேண்டும்.

போன வாரம் சரோஜா ஒரு புது வேரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு லேபுக்கு வந்தார். வீக்கத்துக்கு நல்லது என்று பேச்சு இருக்கிறதாம். கவிதாவும் கேமராவோடு வந்திருந்தார். நான் பிளேட்டை எடுக்கப் போனேன்.

“கேமரா அப்புறம்,” என்று சரோஜா கவிதாவின் கையை இறக்கிவிட்டார். வேரை என்னிடம் நீட்டினார். “அண்ணே, மொதல்ல இதைப் பொய்யாக்கப் பாருங்க. முடியலன்னா கூப்பிடுங்க, நான் வாரேன்.”