அண்ணன் சொன்ன முக்கால் சாக்கு

எங்கள் அண்ணன் மறைந்து இந்தக் கார்த்திகையோடு ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேச வராது. மதினி எழுதச் சொன்னதால் எழுதி, இந்தத் தாளை உங்கள் கையில் தருகிறேன்.

அண்ணன் ஏரலுக்குக் கிழக்கே எங்கள் ஊரில்தான் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். கோடையில் தூத்துக்குடி உப்பளத்திலும் மழைக்காலத்தில் வயலிலும் உழைத்து அண்ணன்தான் என்னை வளர்த்தார், தங்கையைக் கட்டிக்கொடுத்தார்.

எங்கள் வயல்களுக்கு ஆற்றுத் தண்ணீர் எட்டாது. குளம் பெருகினால்தான் நெல். குளத்தை ஒட்டிய ஓடையிலோ ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் வெள்ளம் புரண்டு வீணாகக் கடலுக்குப் போகும். தடுப்பணை கேட்டு மனு கொடுத்து ஓய்ந்த பிறகு, அண்ணன் உப்பளத்தில் கழித்துப்போட்ட சாக்குகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஓடை மணலையே அவற்றில் நிறைத்து, குறுக்கே நேராக அடுக்காமல், குளத்து வாய்க்காலைப் பார்த்துச் சாய்வாக முழங்கால் உயரத்துக்கு அடுக்கினார்.

“தண்ணிய மறிக்கக் கூடாதுல. தோளப் புடிச்சி அந்தப் பக்கம் திருப்பிவிடணும், அவ்வளவுதான்” என்பார்.

அந்த ஆண்டே குளம் பெருகியது. பிறகு ஊரே சேர்ந்து அடுக்கியது.

சாக்கில் முக்கால் அளவுதான் மணல் போட வேண்டும் என்பது அண்ணனின் கண்டிப்பு. அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்காரும். “வயிறு முட்டத் திங்கது நீ. சாக்குமா அப்படித் திங்கணும்?” என்று என்னைக் கேலி செய்வார்.

ஊர்க் கல்யாணத்துக்கு எல்லோரும் தூத்துக்குடி போயிருந்த ஒருநாள், மேற்கே மழை இறங்கியது. அண்ணன் வாய்க்காலைத் தூர்வார, நான் சாக்கு நிறைத்து அடுக்கினேன். கனமாக இருந்தால் நன்றாக நிற்கும் என்று எண்ணி, வாய்வரை திணித்துத் தைத்துவிட்டேன். மறுநாள் காலை வந்த வெள்ளம் இடுக்குகளில் புகுந்து அத்தனை சாக்கையும் உருட்டிக்கொண்டு போனது. பிறகு மழையே இல்லை. ஊர் நாற்றெல்லாம் நாற்றங்காலிலேயே கருகியது.

டீக்கடையில் ஒருவர், “என்ன அண்ணாச்சி, ஒம்ம அணை திரும்ப உப்பளத்துக்கே வேலைக்குப் போயிட்டுதாமே?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஆமாவே, நாந்தான் அவசரத்துல நெறைச்சிட்டேன்” என்றார் அண்ணன்.

பக்கத்தில் நின்ற நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறு ஆண்டு ஒருவரும் வரவில்லை. அண்ணனும் மதினியும் நானும் மட்டும் அடுக்கினோம். பாதிக் குளம்தான் நிறைந்தது. அதையும் அண்ணன் எல்லார் வயலுக்கும் விடச் சொன்னார். ஊரார் திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆயின.

சென்ற ஆண்டு மூச்சிரைப்பு முற்றி அண்ணனைத் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெளியே நல்ல மழை. “அண்ணே, அன்னைக்கு அந்தச் சாக்கு...” என்று தொடங்கினேன்.

“இந்த மட்டம் முக்கால்தானல நெறைச்ச?” என்றார்.

“ஆமாண்ணே.”

“அப்பஞ் சரி. தண்ணி வாரதுக்குள்ள போய் அங்கன நில்லு.”

போனேன். நான் ஓடையில் நிற்கும்போதே அண்ணன் போய்விட்டார். அன்று குளம் பெருகியது.

கூடவே இருந்து பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், கொட்டும் மழையில் அண்ணனை வீடு சேர்த்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. ஊர் நாற்று கருகிய ஆண்டு வெள்ளத்தோடு போனது அண்ணன் நிறைத்த சாக்கு இல்லை. நான் நிறைத்தது. இதைச் சொல்ல அண்ணன் இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள்.