இரண்டு பேருக்கும் கேட்ட துஆ

பினாங்கு ஆஸ்பத்திரியில் நான் நெஞ்சு நோயோடு கிடந்த காலத்தில், தினமும் காலையில் ஒரு மலாய்க்கார நர்ஸ் என் கட்டிலுக்கு வருவாள். இங்கே நர்ஸை மிஸி என்பார்கள். என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு "சூடா செம்பு?" என்று கேட்பாள். நான் கப்பலை விட்டு இறங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. நம் ஊர்க்காரர் கடையின் பின்கட்டில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவன். அங்கே பேச்செல்லாம் தமிழ்தான். என் தலைமாட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. அதில் இருக்கும் தண்ணீர் சூடா என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, செம்பைத் தொட்டுப் பார்த்து, இல்லை என்று தலையாட்டுவேன். அவள் முகம் வாடிவிடும். மறுநாளும் அதே கேள்வி, அதே தலையாட்டல். ஒருநாள் அவள் மனம் கோணக்கூடாதே என்று, தண்ணீரை வெந்நீராக்கித் தரச்சொல்லி வார்டு ஆளிடம் கெஞ்சி வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று காலை அவள் கேட்டதும், ஆமாம் ஆமாம் என்று செம்பைத் தூக்கிக் காட்டினேன். அவள் செம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவசரமாக தெர்மாமீட்டரை எடுத்து என் வாயில் வைத்தாள். காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அடுத்த கட்டிலில் ஆ ஹெங் என்று ஒரு சீனர், வயதானவர், சிரிக்கும்போதே இருமல் வந்துவிடும். அவர்தான் எனக்கு அதை விளக்கினார். தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகிக் காட்டினார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சைத் தட்டி, கட்டைவிரலை உயர்த்தி "செம்பு" என்றார். குணமாகிவிட்டதா என்றுதான் அந்தப் பெண் இத்தனை நாளும் கேட்டிருக்கிறாள். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானம், வார்டு முழுக்க அடங்கிக் கிடந்த நேரத்தில், "காக்கா, தண்ணி" என்று ஒரு குரல் கேட்டது. எழுந்து செம்பை எடுத்து நீட்டியும் விட்டேன். எதிரே யாரும் இல்லை. ஆ ஹெங் மட்டும் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனான என்னைக் காக்கா என்று கூப்பிடும் என் தங்கை ஜெய்னம்புவின் குரல் அது.

உப்பூருக்குத் தெற்கே கடலைப் பார்த்த ஊர் எங்கள் ஊர். வாப்பா தோணியில் இலங்கைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், ஒரு பயணத்தில் திரும்பவில்லை. உம்மா, நான், ஜெய்னம்பு மூன்று பேர்தான் வீட்டில். வெள்ளைக்காரன் போன மறு கோடையில் எங்கள் பக்கமெல்லாம் விஷக்காய்ச்சல் பரவியது. முதலில் நான் படுத்தேன். அந்த வாரமே அவளும் படுத்தாள். ஒரே அறையில் அந்தச் சுவரோரம் அவள் பாய், இந்தச் சுவரோரம் என் பாய், நடுவில் உம்மா. இராமநாதபுரத்திலிருந்து வந்த டாக்டர் டைபாய்டு என்று சொல்லி, மிக்சர் கொடுத்து, கஞ்சித்தண்ணி தவிர வேறெதுவும் கொடுக்காதே என்றார். பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதி, தண்ணீரில் ஊதிக் கொடுத்தார். உம்மா மிக்சரையும் கொடுத்தாள், ஓதிய தண்ணீரையும் கொடுத்தாள். இரண்டையும் பிஸ்மி சொல்லித்தான் கொடுப்பாள். மருந்து கொடுக்கிறவர் டாக்டர், நல்லாக்குகிறவன் அல்லாஹ் என்பதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

காய்ச்சல் ஏறியதும் ஜெய்னம்புவின் முடியை வெட்டச் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. வெட்டும்போது அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. "வளந்துரும்த்தா. நல்லானதும் ரெண்டு மடங்கா வளரும்" என்று உம்மா சொன்னாள். கொஞ்சம் தெளிவு வந்தபோது ஜெய்னம்பு என்னைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "காக்கா, நீ மொதல்ல எந்திரிச்சேன்னா எனக்கு நுங்கு சீவித் தரணும். நான் மொதல்ல எந்திரிச்சா ஒனக்குத் தர மாட்டேன், எனக்குச் சீவத் தெரியாதுல்ல" என்றாள். அதுதான் அவள் என்னிடம் முழுசாகப் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு தண்ணி, தண்ணி என்பது மட்டும்தான்.

உம்மா தொழுகைப் பாயிலேயே இருந்தாள். அரபியில் ஓத வேண்டியதை ஓதி முடித்ததும் தமிழில் துஆ கேட்பாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் பேசுவதுபோல. "யா ஷாஃபி, நல்லாக்குறவனே, எனக்கு நீ குடுத்தது ரெண்டு. ரெண்டையும் எந்திரிச்சு நடக்க வையி. ரெண்டு பேரையும் நல்லாக்கிக் குடு." நல்லானால் தெருவுக்கு நெய்ச்சோறு ஆக்கி, ஆளுக்கொரு சஹன் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். சஹன் என்றால் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தாம்பாளம். என் பேரில் ஒன்று, ஜெய்னம்பு பேரில் ஒன்று.

எனக்கு நினைவு தப்பிவிட்டது. திரும்பி வந்தபோது விடிந்து வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. எதிர்ச் சுவரோரம் பாய் இல்லை. தரை மெழுகி ஈரமாக இருந்தது. உம்மா என் தலையை மடியில் எடுத்து வைத்துக் கஞ்சித்தண்ணி புகட்டினாள்.

"தங்கச்சி எங்க உம்மா?"

"நல்லாயிட்டா தம்பி. எந்திரிச்சுப் போயிட்டா."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, குரலில் நடுக்கம் இல்லை. எனக்கு முன்னால் எழுந்து வெளியே போய்விட்டாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. உடம்பு தேற யாரோ சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கி, பள்ளிவாசல்வரை போன அன்று, பக்கத்தில் அடக்கம் செய்யும் மையவாடியில் ஒரு புதிய மண்மேட்டைப் பார்த்தேன். தலைமாட்டில் ஊன்றிய பனைமட்டை காய்ந்திருந்தது. கடல்காற்று மணலை அள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த மேட்டைக் கரைத்துக்கொண்டிருந்தது. யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. மேட்டின் நீளமே சொல்லிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா நேர்ச்சைச் சோறு ஆக்கினாள். இரண்டு சஹன் எடுத்து வைத்தாள். லெப்பை தயங்கித் தயங்கி, "ஒண்ணு போதுமேம்மா. புள்ள மவுத்தாப் போச்சு, அந்த நேர்ச்சை ஒம்மேல கடமையில்ல" என்றார்.

"நான் கேட்டது ரெண்டு பேரையும் நல்லாக்கச் சொல்லி" என்றாள் உம்மா. "ஒருத்தன இங்கன வச்சு நல்லாக்குனான். ஒருத்திய அங்கன கூப்பிட்டு நல்லாக்கி வச்சிருக்கான். காச்சலு இருக்கா இப்ப அவளுக்கு? தண்ணிக்கு அழுகுறாளா? ஓதுங்க லெப்பை."

அவர் ஓதினார். தெருவே வந்து, முறைவைத்து உட்கார்ந்து சாப்பிட்டது. என்னை ஜெய்னம்புவின் சஹனில் உட்காரச் சொன்னாள் உம்மா. ஒரு பிடி எடுத்தேன். அதைத் திரும்ப சஹனிலேயே வைத்துவிட்டேன்.

உம்மாவுக்குத் தெளிவாக இருந்தது எனக்குத் தெளியவில்லை. இரண்டு பேருக்காகக் கேட்டாள், ஒன்றுதான் கிடைத்தது. அப்படியானால் என்னைக் கொடுத்ததற்கு ஈடாக அல்லாஹ் அவளை எடுத்துக்கொண்டானா? இந்த எண்ணம் எனக்குள் புகுந்து, போகவே இல்லை. ஐந்து வேளையும் தொழுவேன். தொழுது முடித்து எல்லோரும் கையேந்தும்போது நானும் ஏந்துவேன். ஆனால் எனக்காக எதையும் கேட்கமாட்டேன். கேட்டால் கொடுப்பான், கொடுத்துவிட்டு எதையோ எடுப்பான் என்று பயம். உம்மாவோ வீட்டில் வேலை செய்துகொண்டே, "ஜெய்னம்பு இப்ப முடி வளத்திருப்பா" என்று சாதாரணமாகச் சொல்வாள். அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. பினாங்குக் கடையில் ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன். பிழைப்புக்காகப் போகிறான் என்று ஊர் நினைத்தது. பாதி அதுதான்.

வந்த இடத்தில்தான் இருமலில் ரத்தம் வந்தது. எலும்புருக்கி. என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் கடையில் மூத்தவரான அசன் மாமா, எங்கள் தெருக்காரர். அடுத்த கப்பலில் ஊருக்குப் போகவிருந்தார். வார்டுக்கு விடைசொல்ல வந்தவரிடம், "உம்மாட்ட சொல்லிராதீங்க மாமா" என்றேன்.

"ஏம்ப்பா? பெத்தவ துஆக் கேட்டாத்தானே நல்லது."

"அவ கேட்டா நான் பொழைச்சுருவேன். அதுக்குப் பதிலா எடுக்க எங்களுக்கு வேற யாரு இருக்கா மாமா? அவ மட்டுந்தான் இருக்கா."

அசன் மாமா என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

தினம் ஊசி, தினம் கைநிறைய மாத்திரை. இருந்தும் உடம்பு தேறவில்லை. மத்தியானங்களில் ஜெய்னம்பு கூப்பிடுவது நிற்கவில்லை. ஆ ஹெங் அதைக் கண்டுகொண்டார். நான் செம்பைத் தூக்கும்போதெல்லாம், யாருக்கு என்பதுபோல் புருவத்தை உயர்த்துவார். நான் கையைத் தாழ்த்திச் சின்னப் பெண் என்று உயரம் காட்டினேன். அவர் தலையசைத்தார். மறுநாள் அவர் தன் ஆரஞ்சுப் பழத்தில் ஒன்றை என் செம்புக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு என்று நினைத்து எடுக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, நான் காட்டிய அதே உயரத்தைக் காட்டினார். நம் மார்க்கத்தில் இறந்தவர்களுக்கு அப்படி வைப்பதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்தப் பழம் வாடும்வரை அங்கேயே இருந்தது.

ஊருக்குப் போன அசன் மாமா திரும்பி வந்தார். வந்தவர் கட்டிலில் உட்கார்ந்ததுமே, "சொல்லிட்டேன்ப்பா. மறைக்க முடியல. நீ என்னத்துக்குப் பயப்படுறேங்கிறதையும் சேத்துச் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு இருமல் பொங்கியது. அடங்கியபின், "என்ன சொன்னா?" என்றேன்.

"அழுவான்னு நெனச்சேன். கோவம்ல வந்துச்சு. 'ரப்புகிட்ட நான் யாவாரம் பேசுனேன்னு நெனச்சுட்டானா எம்மகன்? ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்க அவன் என்ன கடையா வச்சிருக்கான்? கேக்குறது நம்ம வேலை, நல்லாக்குறது அவன் வேலை. எங்கன வச்சு நல்லாக்குவான்னு அவனுக்குத்தான் தெரியும். நான் எம்பங்குக்குக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவனையும் வாயத் தொறந்து கேக்கச் சொல்லுங்க'ன்னா."

அதன்பிறகும் என்னால் உடனே கேட்க முடியவில்லை. கை ஏந்தினால் நாக்கு எழவில்லை. ஒருநாள் காலையில் ஆ ஹெங்குக்கு இருமலில் ரத்தம் கொட்டியது. மிஸி ஓடிவந்தாள், டாக்டர் ஓடிவந்தார், கட்டிலைச் சுற்றித் திரை போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க, என்னை அறியாமல் என் வாய் திறந்துகொண்டது. "யா ஷாஃபி, நல்லாக்குறவனே, அவரை நல்லாக்கு. என்னையும் நல்லாக்கு. ரெண்டு பேரையும் நல்லாக்கு." சத்தமாகவே சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், நான் பேசியது உம்மாவின் பேச்சு என்று தெரிந்தது. வியர்த்துக் கொட்டியது. அன்று தூங்கினேன், ஊரை விட்டு வந்த பிறகு தூங்காத தூக்கம்.

கண் விழித்தபோது அடுத்த கட்டில் காலி. புதிய விரிப்பு போட்டு, தலையணையைத் தட்டி வைத்திருந்தார்கள். மிஸியைக் கூப்பிட்டுக் கட்டிலைக் காட்டினேன். அவள் "சூடா பாலேக்" என்றாள். அதற்குள் எனக்கு அவ்வளவு மலாய் தெரிந்திருந்தது. திரும்பிப் போய்விட்டார் என்று அர்த்தம். வீட்டுக்குத் திரும்பினாரா, இல்லை, படைத்தவனிடம் திரும்பினாரா? மலாயில் இரண்டுக்கும் அந்த வார்த்தை பொருந்தும் என்று பின்னால் கடையில் சொன்னார்கள். அன்று அவளிடம் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதும் உண்மைதான். அவள் முகத்தைப் பார்த்தேன். மெழுகிய தரை காய்வதற்குள் உம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது இருந்த முகம்தான் அதுவும்.

அந்த வாரத்திலிருந்து காய்ச்சல் இறங்கியது. ஊசி வேலை செய்கிறது என்றார் டாக்டர். இருக்கலாம், ஊசியில் வேலையை வைத்தவன் யார் என்று உம்மா கேட்டிருப்பாள். எடை கூடியது. ஒரு பக்க நெஞ்சு சுருங்கியது சுருங்கியதுதான், மாடிப்படி ஏறினால் இன்றும் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் நடந்து வெளியே வந்தேன். வார்டை விட்டு வந்தபின் ஜெய்னம்புவின் குரல் எனக்குக் கேட்கவில்லை. அது நிம்மதியா, இன்னொரு இழப்பா என்று எனக்கே தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத்தான் ஊருக்குப் போக வாய்த்தது. நாகப்பட்டினத்தில் இறங்கி, பஸ் மாறி மாறி, ஊர் எல்லையில் இறங்கியபோது கருவாட்டு வாசம் அடித்தது. இத்தனை காலமும் நான் ஏங்கிய வாசம், அன்று குமட்டியது. உம்மா வாசலில் நின்றிருந்தாள். மெலிந்து, கண் மங்கியிருந்தாள். என் முகத்தைத் தடவி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். "ஓடுது, நல்லா ஓடுது" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். மகன் வந்துவிட்டான் என்று ஆர்ப்பாட்டம் இல்லை. மையவாடிக்குப் போய்வந்தேன். அந்த மேடு தரையோடு தரையாகியிருந்தது. இடத்தை நானே குத்துமதிப்பாகத்தான் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியுமுன், சுபுஹு நேரம். பழைய அறையில், பழைய சுவரோரம், பாயில் படுத்திருந்தேன். பாங்கு சொல்லி முடிந்திருந்தது. நடு அறையில் உம்மா தொழுது முடித்துத் தமிழுக்கு வந்திருந்தாள். "யா ரப்பே, எம்புள்ளைக ரெண்டும் எங்கண்ணுக்கு எட்டாத தூரத்துல இருக்குதுக. ஜெய்னம்புவ நீ வச்சிருக்குற எடத்துல நல்லா வையி. பினாங்குல இருக்குற எம்மகன் காசிம நல்லா வையி. அவனுக்கு இருமல் வராமப் பாத்துக்க. தண்ணி தவிச்சா குடுக்க ஆள் இருக்கட்டும்."

உம்மா, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சுவருக்கு இந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறேன். ஆனால் அவள் இத்தனை வருடம் துஆவில் கேட்டுக் கேட்டுப் பழகிய மகன் பினாங்கில்தான் இருந்தான். அவள் கண்ணுக்கு எட்டாமல், தங்கை இருக்கும் அதே தூரத்தில், நல்லாக்குகிறவன் கையில் அவன் பத்திரமாக இருந்தான். அவனை இங்கே எழுப்பிக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. படுத்தபடியே கையை ஏந்தி, கடலுக்கு அப்பால் இருக்கும் அந்தக் காசிமுக்காக, உம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாக, ஆமீன் என்றேன்.